சிவப்பு மை

பூமி எதையும் இழுப்பதில்லை, வானம்தான் மேலிருந்து அழுத்துகிறது என்று பதினெட்டு வருடமாக எழுதி வருகிறார் ஓய்வுபெற்ற சர்வேயர் வைகுண்டம். அவருடைய நண்பர் ஞானப்பிரகாசத்தின் கட்சி வேறு: ஒளிக்கு ஒரே வேகம் என்பதே பொய். இருவரும் வருடந்தோறும் புத்தகம் அச்சடித்து, கண்ணில்பட்ட பேராசிரியர்களுக்கெல்லாம் அனுப்புவார்கள். ஒருவரும் பதில் போட்டதில்லை. அதனால்தான் நட்பு கெடாமல் இருந்தது.

அன்று டீக்கடையில் ஞானப்பிரகாசம் தன் புத்தகத்தை விரித்தார். ஒரு பேராசிரியர் திருப்பி அனுப்பியிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. பதினாலு இடத்தில் ‘தவறு’.

“மனுஷன் கிழிச்சுத் தோரணம் கட்டிட்டாருய்யா,” என்றார், மாப்பிள்ளை முறுக்கோடு.

“அடப் பாவமே,” என்றார் வைகுண்டம். வயிறு எரிந்தது. நாற்பதாம் பக்கம் வரைக்கும் அல்லவா படித்திருக்கிறார் அந்த மகராசன்!

வீட்டுக்கு வந்ததும் தன் புத்தகத்தை எடுத்தார். சிவப்புப் பேனாவால், பேராசிரியரின் கையெழுத்துப் போலவே சற்றுச் சாய்த்து, முதல் சமன்பாட்டின் பக்கத்தில் ‘தவறு’ என்று எழுதினார். தள்ளி வைத்து அழகு பார்த்தார். அப்படியே அந்தச் சமன்பாட்டையும் படித்தார். மறுபடியும் படித்தார். பேனா மூடியைத் தேடிய கை பாதியில் நின்றது.