விலகுவோர் பட்டியல்

"நான் வேலைய விட்டு நின்னுக்கிடுதேன் அண்ணாச்சி" என்று விஜிலா கடிதத்தை நீட்டினாள்.

சங்கரபாண்டியன் அண்ணாச்சி காதில் போன். மறுமுனையில் பெங்களூர்க்காரர் ஒருவர். கடையின் ஈமெயில் கடிதம் இனி வேண்டாம் என்று முந்தின நாள் விலகிக்கொண்டவர்.

"எங்க மேல குறை இருந்தா தாராளமா சொல்லுங்க சார்" என்று போனில் குழைந்தபடியே அண்ணாச்சி கடிதத்தை வாங்கி மேஜையில் வைத்தார். சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். சாவியைப் பக்கத்து மேஜை அனிஷாவிடம் கொடுத்துவிட்டுப் போகும்படி கையைக் காட்டினார்.

விஜிலா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அண்ணாச்சி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் போய்விட்டாள்.

"சீசன் நேரத்துல இப்படியா விட்டுட்டுப் போறது?" என்றாள் அனிஷா.

"ஒம்பது வருசம் சோறு போட்ட இடம். கொஞ்சமாவது நன்றி வேண்டாமா?" என்றான் பார்சல் கட்டிக்கொண்டிருந்த பெவின்.

உடன்குடிக் கருப்பட்டியை மில்லர்புரத்தில் உட்கார்ந்துகொண்டு உலகம் பூராவும் விற்கிறவர் அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்குப் பதினோராயிரம் பேருக்கு ஒரு கடிதம் போகும். இந்த வருஷம் பதநீர் எப்படி, கலப்படக் கருப்பட்டியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று வாரம் ஒரு சங்கதி. எழுதுவது விஜிலா. அதைப் படித்துவிட்டுத்தான் சென்னையிலும் துபாயிலும் இருக்கிற நம்மூர்க்காரர்கள் நாக்கில் எச்சில் ஊற ஆர்டர் போடுவார்கள். அன்று பூராவும் வருகிற பதில்களுக்கு மறுபதில் போடுவதும் அவள்தான்.

இந்தக் கடிதத்தை யாராவது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அண்ணாச்சிக்குச் சோறு இறங்காது.

"விலகுற பட்டனைக் கண்ணுல படாம வச்சிருவோம் அண்ணாச்சி. எல்லாரும் அப்படித்தான் செய்யுதாங்க" என்று ஒருநாள் பெவின் யோசனை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"ஏலே, கூண்டுல போட்டு அடைக்கதுக்கு அவங்க என்ன கோழியா? எங்கப்பா கடையில வாங்காம திரும்பிப் போறவங்க கையிலயும் ஒரு துண்டு கருப்பட்டி குடுத்துத்தான் அனுப்புவாரு. போறவங்க வெறுங்கையோட போகக் கூடாது. ஏன் போறீங்கன்னு மனசாரக் கேளு. பாதிப் பேரு நின்னுருவாங்க."

சொன்னபடியே செய்தார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அன்றைக்கு விலகியவர்களின் பட்டியல் மேஜைக்கு வந்துவிடும். அதில் போன் நம்பரும் சேர்ந்த தேதியும் மட்டும்தான் இருக்கும். ஆபீஸ் போனிலிருந்து அண்ணாச்சியே பேசுவார். என்ன பேச வேண்டும் என்று விஜிலா எழுதிக் கொடுத்த தாள் ஒன்று மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கும். பேசி முடித்ததும் ஒரு சின்ன ஓலைப்பெட்டியில் கருப்பட்டி வைத்து அனுப்புவார். நிஜமாகவே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

அன்று சாயங்காலம் வந்த பட்டியலில் ஒரே ஒரு நம்பர். தேதியைப் பார்த்த அண்ணாச்சிக்குத் திக்கென்றது.

"ஏளா அனிஷா, இது நாம கடிதம் ஆரம்பிச்ச அன்னைக்கே சேர்ந்த ஆளுல்லா! ஒம்பது வருசம் கூட இருந்தவங்க சும்மாவா போவாங்க? நாமதான் என்னமோ தப்பு பண்ணியிருக்கோம்."

ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு நம்பரைப் போட்டார். வெகுநேரம் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"வணக்கம்ங்க. உடன்குடிக் கருப்பட்டிக் கடையில இருந்து சங்கரபாண்டியன் பேசுதேன். நீங்க எங்களை விட்டு விலகிட்டதா பார்த்தேன். மனசுக்குக் கஷ்டமா இருந்திச்சு."

கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டார்.

"இத்தனை வருசம் எங்க கூட இருந்திருக்கீங்க. அதுக்கே நாங்க கடமைப்பட்டிருக்கோம். நீங்க திரும்பி வராட்டாலும் பரவாயில்ல. ஏன் போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நாங்க திருத்திக்கிடுதோம்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"விஜிலா பேசுதேன் அண்ணாச்சி."

அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"வேலையே இல்லைன்னு ஆன பிறகு அந்தக் கடிதம் மட்டும் எனக்கு எதுக்குன்னு விலகிட்டேன். முதல்ல சேர்ந்ததே நான்தான, சரியா போகுதான்னு பார்க்கதுக்கு."

"ஏம்மா... ஏன்னு ஒரு வார்த்தை..."

"காலையிலயே எழுதிக் குடுத்துட்டேனே அண்ணாச்சி. உங்க மேஜையிலதான் இருக்கும்."

இருந்தது. பார்சல் டேப்புக்கு அடியில், பிரிக்காமல். அண்ணாச்சி பிரித்தார்.

'வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மகள் ரீனாவுக்குப் புதுநன்மை; முதன்முதலாக நற்கருணை வாங்குகிறாள். கோயிலில் நான் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரே ஒரு ஞாயிறு லீவு கேட்டு நான்கு முறை வந்து நின்றேன். நான்கு முறையும் நீங்கள் போனில் இருந்தீர்கள்.'

அண்ணாச்சிக்குக் கண்ணில் எழுத்து மங்கியது. அவமானமாக இருந்தது.

"விஜிலா..." என்றார். அதற்குமேல் சொல்ல, கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளில் எதுவும் இல்லை.

"இப்ப நீங்க கேட்டதெல்லாம் நான் எழுதிக் குடுத்த வார்த்தைதான். அதைக் கேட்டதும் எதுக்குப் பாதிப் பேரு நின்னுருதாங்கன்னு எனக்கு இத்தனை நாளா வெளங்கல அண்ணாச்சி" என்றாள் விஜிலா. "இன்னைக்கு நம்மளைப் பார்த்து ஒருத்தர் கேக்கும்போதுதான் வெளங்குது."