யாரையும் போக விடாதவர்

“உனக்குப் படிப்பு வேணாமா, இல்ல நாங்க வேணாமா? அதை மட்டும் சொல்லிட்டுப் போம்மா.”

மாணவர் நல இயக்குநர் மேசைமேல் சாய்ந்து கெஞ்சினார். எதிரே நின்ற பெண் தலையைக் குனிந்துகொண்டாள். படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வந்தவள்.

சுவரோர நாற்காலியில் ஆய்வுக்கு வந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். பாதியில் படிப்பை விட்டுப் போகிற பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தப் பல்கலைக்கழகங்கள் என்னதான் கிழிக்கின்றன என்று பார்த்து வரச் சொல்லி அரசு அனுப்பியிருந்தது. போகிற இடத்திலெல்லாம் அவருக்குச் ‘சிடுமூஞ்சி’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். பின்னே என்ன செய்வார்? எங்கே போனாலும் பூங்கொத்தை நீட்டுவார்கள், திரையில் வண்ண வண்ணமாய்ப் படம் காட்டுவார்கள், தட்டு நிறைய முந்திரி வைப்பார்கள். ஒரு மாணவரைக்கூடக் கண்ணில் காட்ட மாட்டார்கள். இங்கேதான் முதல்முறையாக, பேச்சின் நடுவே ஒரு பெண் தானாகக் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்திருந்தாள்.

இயக்குநர் விருந்தாளியை அடியோடு மறந்தே போனார். அப்பாவுக்கு வேலை போய்விட்டது, தம்பி இன்னும் பள்ளிக்கூடத்தில் என்று அவள் விக்கி விக்கிச் சொல்ல, எழுந்து வந்து அவள் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். விடுதிக் கட்டணம் தன் பொறுப்பு என்றார். கணக்குப் பாடம் மண்டையில் ஏறவில்லை என்றதும் துறைத் தலைவரையே போனில் பிடித்து, தனியாகச் சொல்லித்தர ஏற்பாடு செய்தார். துணிக்கடையில் வேலைக்குச் சொல்லிவிட்டேன் என்று அவள் முனகியபோதுதான் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“என் பொண்ணா இருந்தா விடுவேனா? நீயே போயிட்டா இந்த நாற்காலில நான் எதுக்கு உக்காந்திருக்கேன்?”

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கையிலிருந்த விண்ணப்பத்தை நாலாய்க் கிழித்துப் போட்டாள். சிடுமூஞ்சி அம்மாளுக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

“இத்தனை வருஷத்துல இப்படி ஒரு அதிகாரியை நான் பாத்ததில்ல சார்,” என்றார். இந்தப் பல்கலைக்கழகத்துக்கு நிதியை அள்ளிக் கொடுக்கலாம் என்று எழுதுவதாக அப்போதே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

கார் வாசலைத் தாண்டும்போது லேசாகத் தூறத் தொடங்கியது. சாலையோரம் ஒரு பெண் தகரப் பெட்டியும் படுக்கைச் சுருட்டுமாகப் பேருந்துக்கு நின்றிருந்தாள். இன்றைக்கு இளகிப்போயிருந்த அம்மாள் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். லீவுக்குப் போகிறாயா என்று விசாரித்ததற்கு, இல்லை, படிப்பையே விட்டுவிட்டேன் என்றாள் அவள்.

அம்மாளுக்குப் பதறிப்போனது. டிரைவரை வண்டியைத் திருப்பச் சொன்னார். உங்கள் இயக்குநர் பெற்ற தகப்பனுக்கு மேல், இப்போதுதான் என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வருகிறேன், நானே உன்னை அழைத்துப் போய் அவர் முன்னால் நிறுத்துகிறேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள்.

“வேணாங்க. இந்த வாரம் பூரா அவர் ரூம் வாசல்லதான் நின்னேன். உள்ள நாடக ஒத்திகை நடக்குது, அப்புறமா வான்னு துரத்திட்டாங்க.”