கேட்பவரின் முறை

பத்து நிமிடம் ஒருவர் பேச வேண்டும், எதிரே இருப்பவர் கேட்க மட்டும் வேண்டும் என்றாள் பயிற்சி நடத்திய நேஹா. ஆறுதல் சொல்லக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது. தலையாட்டலாம்.

அவிநாசி சாலையில் ஓர் ஓட்டலின் மாடி அரங்கம். முப்பது மனநல ஆலோசகர்கள் நாற்காலிகளை இழுத்து எதிரெதிரே போட்டுக்கொண்டார்கள். அடுத்தவர் துயரத்தைக் கேட்பவர்கள் தங்களைக் கவனித்துக்கொள்வது எப்படி என்று ஒரு நாள் பயிற்சி.

ரூபினாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ‘தனபால், தாராபுரம்’ என்று இருந்தது. அவள் அட்டையில் ‘ரூபினா, கோவை’.

"நீங்க மொதல்ல பேசுங்க சார்" என்றாள். பதினோரு வருடப் பழக்கம்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் கணக்கு வாத்தியாருங்க மேடம். கவுன்சிலிங்கையும் நீயே பாருன்னு காலேஜ்ல சொல்லிப்போட்டாங்க. ஆறு நாள் கோர்ஸுக்கு அனுப்புனாங்க. அவ்வளவுதானுங்க நமக்குத் தெரிஞ்சது."

ரூபினா தலையாட்டினாள்.

இரண்டாம் வருடத்துப் பெண் ஒருத்தி ஒரு மாதமாக அவர் அறைக்கு வந்து அழுதிருக்கிறாள். காரணம் கேட்டால் தெரியவில்லை என்பாள். சாப்பாடு இறங்கவில்லை, படுத்தால் கண் மூடவில்லை என்பாள். இது தன்னால் ஆகிற காரியம் இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. யாரோ கொடுத்திருந்த பட்டியலைப் பார்த்துக் கோவை காந்திபுரத்தில் ஓர் ஆலோசனை மையத்தின் முகவரியை எழுதிக் கொடுத்தார்.

கூட வர முடியுமா சார் என்று அவள் கேட்டாள். அவருக்கு அன்று தேர்வு அறை மேற்பார்வை.

"நீயே போய்ட்டு வந்துரு கண்ணு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கந்தான்னு சொன்னேனுங்க."

வியாழக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறாள். செல்போன் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. கதவு பூட்டியிருந்தது. மூன்று நாள் விடுமுறை என்று தாள் ஒட்டியிருந்தது. படியில் உட்கார்ந்து அவருக்குப் போன் செய்தாள்.

"மேடம் லீவுங்களாம் சார், சூரியன் படமெல்லாம் வரஞ்சு ஒட்டியிருக்காங்கன்னு சொல்லிச் சிரிச்சுதுங்க. அட, பிள்ளை சிரிக்குதேன்னு எனக்குச் சந்தோசம். சரி, திரும்பி வந்துரு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னுட்டேன்."

அவர் கையில் கைக்குட்டை இருந்தது. முகத்தைத் துடைக்காமல் அதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"சனிக்கெழம விடிகாலைல ஹாஸ்டல்ல இருந்து போன் வந்துச்சுங்க. உசுரை மாச்சுக்கிச்சுன்னாங்க."

ரூபினா தலையாட்டுவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். மடியில் இரண்டு கைகளையும் கோத்து, கோத்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கூடப் போயிருந்தா, பூட்டியிருந்தாலும் வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருப்பனுங்க. தனியா அனுப்பிச்சுப்போட்டேன். ரெண்டு மாசமா க்ளாஸ்ல கணக்குப் போட்டுட்டு இருக்கறப்பவே கை நின்னுபோகுதுங்க. பசங்க சார், சார்னு கூப்பிடறாங்க."

அடுத்த ஜோடியில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஏசி சத்தம் கேட்டது.

"அந்த மேடத்தை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேனுங்க. அவங்க ஊட்டுல என்ன சீக்கோ, சாவோ. சும்மா யாரும் பூட்டிட்டுப் போவாங்களா?"

நேஹா மணி அடித்தாள். இப்போது கேட்டவர்கள் பேசலாம் என்றாள்.

தனபால் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் பாட்டுக்குப் பேசிப்போட்டேன். நீங்க சொல்லுங்க மேடம்."

காலையில் டவுன் பஸ்ஸில் வரும்போதே ரூபினா எதைச் சொல்வது என்று முடிவு செய்திருந்தாள். இப்படி ஏதாவது சொல்லச் சொல்வார்கள் என்று தெரியும். கழுத்து வலி. ஒன்பதாவது படிக்கும் மகள் அஃப்ராவுடன் உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாதது. பத்து நிமிடத்துக்கு அது தாராளமாகப் போதும்.

அவர் நாற்காலியை ஓர் அங்குலம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். காதை அவள் பக்கம் திருப்பினார். அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வார் போல இருந்தது.

"அந்தப் பிள்ளை பேரு தேஜாங்களா சார்?"

அவர் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லியிருக்கவில்லை.

கைக்குட்டை அவர் மடியில் அப்படியே கிடந்தது.

"கதவுக்கு அடியில ஒரு சீட்டு கெடந்துச்சுங்க. பேரும் நம்பரும் எழுதி, அடுத்த வாரம் வாரேன் மேடம்னு இருந்துச்சு. திங்கக்கெழம கதவைத் தொறந்ததும் கூப்பிட்டேன். அவங்கப்பா எடுத்தாருங்க."

கூடாதென்று சொல்லப்பட்டிருந்த கேள்வியைத் தனபால் கேட்டார். குரலில் கோபம் இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்ற கெஞ்சல் மட்டும் இருந்தது.

"ஊட்டுல ஏதாச்சும் சீக்குங்களா மேடம்?"

"இல்லைங்க."

அவள் பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கும் அது தேவைப்பட்டது.

"இதே மாதிரி ஒரு பயிற்சில, நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க, லீவு போட்டே ஆகணும்னாங்க. போனை ஆஃப் பண்ணிப்போட்டு மூணு நாளும் படுத்துட்டேனுங்க."

ஜன்னல் பக்கம் யாரோ சிரித்தார்கள். ரூபினா அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"பல வருசத்துக்கு அப்புறம் அப்பத்தானுங்க நல்லாத் தூங்குனேன்."