தங்கை போய்விட்டாள்

"போயிட்டா! என் தங்கச்சி என்னை விட்டுட்டுப் போயிட்டா!"

பார்லர்க்காரி போட்ட சத்தத்தில், பாதித் தலைக்கு டை பூசிக்கொண்டிருந்த டீச்சர் கழுத்துத் துண்டோடு எழுந்து நின்றுவிட்டார். துக்கச் செய்தியை உட்கார்ந்து கேட்கக் கூடாது என்று அவரை அப்படி வளர்த்திருந்தார்கள்.

"ஐயையோ! எப்பம்மா? நேத்துகூட மார்க்கெட்ல பாத்தேனே, நல்லாத்தானே இருந்தாங்க?"

"நேத்துதான் போயிருக்கா. இந்த ஆப்ல காட்டுது பாருங்க. என்னை ஃபாலோ பண்றதை விட்டுட்டா!"

டீச்சர் மெல்ல உட்கார்ந்தார். மூலையில் ஸ்டூல் மேல் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்த பார்லர்க்காரியின் கணவர் திரும்பக்கூட இல்லை. லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அலறுவதை நாள்தோறும் கேட்பதால், சாதாரண அலறலுக்கெல்லாம் அசைய மாட்டார்.

விஷயம் இதுதான். 'நுனி மட்டும்' என்று தலையை நீட்டிய தங்கைக்கு, பேச்சு சுவாரசியத்தில் காது வரைக்கும் வெட்டிவிட்டாள் அக்கா. முடி வளர்ந்ததும் தங்கை வேறொரு பார்லருக்குப் போனாள். போனவள் சும்மா இருந்தாளா? 'கடைசியில ஒரு நல்ல கட்டிங்!' என்று படம் வேறு போட்டாள்.

அன்றைக்கு நின்றது பேச்சு. சகலைகள் இரண்டு பேரும் நகமும் சதையுமாக இருந்தவர்கள். அவர்கள் பேச்சும் அதோடு நின்றது. வீட்டு உத்தரவு.

ஆனால் பேச்சுதான் நின்றதே தவிர ஃபாலோ நிற்கவில்லை. இந்தக் காலத்துப் பகைக்கு அதுதான் மரியாதை. அக்கா தினம் ஒரு ஸ்டோரி போடுவாள். தங்கை லைக் போட மாட்டாள், ஆனால் பார்த்துவிடுவாள். பார்த்தவர்கள் வரிசையில் தங்கையின் பேர் வந்த பிறகுதான் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கும். எங்கேயோ நல்லா இருக்கா, என்னை மறக்கலை என்று ஒரு தெம்பு. இப்போது அந்த நூலும் அறுந்துவிட்டது.

"நீயும் அவளை விட்டுடு. சரிக்குச் சரியாப் போயிடும்," என்றார் கணவர், பல்பைப் பார்த்தபடி.

"விடறதா? கூடப் பொறந்தவங்க!"

"அது முடி வெட்டினப்போ ஞாபகம் இருந்திருக்கணும்."

அவரை என்ன செய்தால் தகும் என்று இருந்தது அவளுக்கு. யார் ஃபாலோவை விட்டார்கள் என்று காட்டும் இந்தப் பாழாய்ப்போன ஆப்பைப் பற்றிப் போன வாரம் சொன்னதே அவர்தான். ஒரு மெசேஜுக்குப் பதில் போடத் தெரியாத மனுஷன். நேற்று ஃபியூஸ் போனபோது டார்ச் அடிக்கக்கூட அவள் போனைத்தான் வாங்கினார். தெரிந்தது ஒன்றே ஒன்று, சாயங்கால நடை. நடந்து வந்தால் டீகூட வேண்டாம் என்பார். ஆனாலும் தொப்பை போன பாடில்லை.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்," என்று கத்தரியை ஏப்ரன் பையில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

"ஏம்மா, பாதித் தலை அப்படியே நிக்குதே?" என்றார் டீச்சர்.

"கறுத்த பக்கமாத் திரும்பிக் கண்ணாடியைப் பாத்துட்டே இருங்க டீச்சர். வந்துடறேன்."

பின் தெருவில் மாடி ஏறி அழைப்பு மணியைத் தொடுவதற்குள் கதவு திறந்தது. வாசலில் தங்கை. காலில் செருப்பு, கையில் போன், மூக்கு நுனியில் கோபம்.

"உன் வீட்டுக்குத்தான் கிளம்பிட்டிருந்தேன்! என்னைத் தூக்கிட்டல்ல?"

"நானா? நீதான்டி என்னை விட்டே!"

"பொய் சொல்லாதேக்கா. எங்க வீட்டுக்காரர் சொன்ன ஆப்லயே காட்டுது!"

அக்காவின் காதில் அது சரியாக ஏறவில்லை. அதற்குள் கண் தங்கையின் தலைக்குப் போய்விட்டது.

"என்னடி இது கண்றாவி? பின்பக்கம் எலி கடிச்ச மாதிரி இருக்கு!"

"நீ வெட்டினதுக்கு எலியே தேவலை!"

"உக்காரு."

"மாட்டேன்."

"உக்காருடின்னா!"

மாட்டேன் என்றவள் நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நுனி மட்டும்தான்!" என்று கத்தினாள். "முதல்ல தலையை ஆட்டாதே!" என்று இவள் அதைவிடக் கத்தினாள். யார் யாரை முதலில் விட்டார்கள் என்ற வழக்கு கத்தரிச் சத்தத்தோடு மறுபடி தொடங்கியது. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். முடி விழுந்துவிட்டதாம், இருவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள்.

தங்கையின் கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பால்கனிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, போனைக் காதில் வைத்தார்.

"சகலை, போன்ல நாம பண்ணின வேலை பலிச்சிடுச்சு! ரெண்டு பேரும் சண்டை போட ஆரம்பிச்சுட்டாங்க, இனிமே நாம டீக்கடையில ஒளிய வேண்டாம்!"