கேள்விகள் கடைசியில்

யுத்தம் முடிந்த மறுவருஷம், ஆடிக் கிருத்திகையன்று, திருத்தணி மலையடிவாரத்தில் டாக்டர் எலியேசர் பிரசங்கம் செய்தார். முருகனுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய கூட்டம் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தது.

“வருஷக்கணக்கா வெயில் பட்டுகினே இருந்தா தோல்ல புற்று வரும். வெளுத்த தோலுக்கு ஆபத்து அதிகம். கறுத்த தோலுக்கு வரவே வராதுன்னும் இல்ல,” என்று, புண் வந்த தலையின் படத்தைப் பிரம்பால் தட்டினார்.

பள்ளிப்பட்டு ராஜவேலு எழுந்தான். “ஒரு சந்தேகங்க.”

“கடைசியில கேளு. உச்சி வெயில்ல குடை பிடிக்கணும், தலைய மூடணும். மண்டைக்கும் காதுக்கும்தான் முதல் அடி.”

ராஜவேலு உடனே துண்டைத் தலையில் கட்டினான்.

“முண்டாசை அவுருப்பா. பின்னாடி இருக்கறவங்களுக்குப் படம் மறைக்குது.”

அவிழ்த்தான்.

“ஆறாத புண் இருந்தா ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டணும். அவ்வளவுதான். இப்ப கேளு.”

ராஜவேலு மொட்டையைத் தடவினான். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

“நாங்க எப்பங்க பந்தலுக்குள்ள வர்றது?”

டாக்டர் அண்ணாந்து பார்த்தார். அந்தச் சின்னப் பந்தலுக்குள் அவரும் படமும் மட்டும்தான்.

“நீங்க உள்ள வந்தா படத்தை வெளியில வெக்கணுமேப்பா,” என்றார். “வெயில்ல வெளுத்துப் போயிடும்.”