கழுத்தில் பச்சை வளையம்

"கழுத்துல என்னய்யா அது? கழட்டு முதல்ல!" மார்லிஸ் பல்லைக் கடித்தாள்.

டுவேன் கழற்றவில்லை. வயது அறுபத்துநாலு. ஆறடி உயரம், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. நுழைவுச் சீட்டுக் கொடுக்கிற பெண்ணிடம் கேட்டு வாங்கி, மின்மினி மாதிரி மினுங்குகிற பச்சை வளையத்தை மாட்டிக்கொண்டு நின்றான்.

பயந்த பிள்ளைகளுக்கென்று கொடுக்கிற வளையம் அது. பேய்த் திருவிழாவான ஹாலோவீன் வரும் அக்டோபர் மாதம் முழுக்க அந்தப் பண்ணையின் சோளக்காட்டுக்குள் வேஷம் கட்டிய பேய்கள் முப்பது திரியும். வளையம் போட்டவரைக் கண்டால் ஒதுங்கிவிட வேண்டும். அவர் கையைப் பிடித்து வருகிறவரையும் விட்டுவிட வேண்டும். பேய்களுக்கு அதுதான் சட்டம்.

"எனக்குப் பயமா இருக்கு மார்லி. கையை விட்டுடாதே."

வரிசையில் முன்னால் நின்ற டார்லா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அடியே, உன் வீட்டுக்காரருக்குப் பால்புட்டி எடுத்துட்டு வந்தியா?"

அவள் புருஷன் ஹார்லன் மீசையைத் தடவினான். "நமக்கெல்லாம் வளையம் எதுக்கு? என்னைப் பார்த்துப் பேய் பயப்படாம இருந்தா சரி."

மார்லிஸுக்கு மானம் கப்பலேறியது. எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் அடுப்படியில் வந்த வினை. "எலியைக் கண்டா மேசை மேல ஏறுறவதானே நீ" என்று டார்லா சீண்ட, இவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சோளக்காட்டுக்குள்ள போய் ஒரு சத்தம் போடாம வந்து காட்டுறேன், பார்க்கிறியா?"

பந்தயம் முடிவாகிவிட்டது. கத்துகிறவள் வருகிற ஞாயிறு சர்ச் விருந்தில் இருநூறு பேர் தட்டையும் தனியாகத் தேய்க்க வேண்டும்.

சொன்னது முதல் மார்லிஸுக்குத் தூக்கமில்லை. வீட்டு நிலவறையில் இருக்கிற ஊறுகாய் ஜாடியை எடுக்கக்கூட டுவேன்தான் இறங்க வேண்டும். துணைக்கு வா என்று அவனைக் கூப்பிட்டிருந்தாள். அக்டோபர் பிறந்தால் வெள்ளிக்கிழமை தவறாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சீட்டாடப் போகிற மனுஷன், இன்றைக்கு ஆட்டத்தை விட்டுவிட்டு வந்தான். வந்தவன் இப்படிச் சந்தி சிரிக்க வைத்துவிட்டான்!

பொழுது சாய்ந்தது. உள்ளே போனார்கள்.

பத்தடி போகவில்லை. சோளத்தட்டையை விலக்கிக்கொண்டு பன்றித் தலைக்காரன் ஒருவன் பாய்ந்தான். டார்லா போட்ட கூச்சலில் காக்காய்கள் எழுந்து பறந்தன.

ஹார்லனைக் காணோம். சேற்றில் அவன் பூட்ஸ் ஒன்று மட்டும் நின்றது.

"யோவ்! என்னை விட்டுட்டு எங்கேய்யா ஓடுறே?"

"நீ மெதுவா வா! நான் முன்னால போய் வழி பார்க்கிறேன்!" சோளத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

பன்றித் தலை இப்போது மார்லிஸ் பக்கம் திரும்பியது. அலறல் அவள் தொண்டை ஏறி, நாக்கு ஏறி, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

பன்றித் தலை பச்சை வளையத்தைப் பார்த்தது. "மன்னிச்சுக்கங்க" என்று தட்டையை விலக்கி வழி விட்டது.

அடுத்து, தலையில்லாத மணப்பெண் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓரம் போனாள். குழியிலிருந்து எழுந்த பிணம், "பார்த்துப் போங்க, அங்கே சேறு" என்றது.

"நன்றி தம்பி" என்றான் டுவேன். அப்புறம் நினைவு வந்தவன்போல, "அம்மாடி, பயமா இருக்கே" என்றான்.

கடைசி வளைவில் ரம்பக்காரன். பல் கழற்றிய மோட்டார் ரம்பம்தான், ஆனாலும் அது உறுமின உறுமலில் சோளத்தட்டையெல்லாம் அதிர்ந்தது. வளையத்தைக் கண்டதும் மோட்டாரை அணைத்துக் குனிந்து வணக்கம் போட்டான்.

வெளியே வந்தார்கள். டார்லாவுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. தலைமுடியெல்லாம் சோளச்சருகு.

"சரிடி. நீ கத்தலை. நான் தோத்தேன்."

மார்லிஸுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் எப்பவும் தைரியசாலிதான். எனக்கு வாய்ச்சதுதான் இப்படி. முப்பத்தெட்டு வருஷமா ஒரு முயல்குட்டியோட குடும்பம் நடத்துறேன்!"

கூட்டமே சிரித்தது. டுவேனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, சூடாக ஆப்பிள் சாறு வாங்கப் போனான்.

அவன் போனதும் ரம்பக்காரன் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மெல்ல வந்தான். பண்ணைக்காரர் மருமகன் ட்ராவிஸ்.

"அம்மா, நான் சுமாரா பண்ணினேனா? அவர்கிட்டயே கேட்கக் கூச்சமா இருக்கு."

"எவர்கிட்ட?"

"டுவேன் ஐயாகிட்டதான். ஒன்பது வருஷமா இந்த ரம்பம் அவர் கையிலதானே! அவர் தூக்கினா பயில்வான்கூட அலறுவான். வீட்டுக்காரி வர்றா, இன்னைக்கு மட்டும் நீ பார்த்துக்கோன்னு கொடுத்தார்."

"வெள்ளிக்கிழமை சீட்டாட்டம்னு…"

ட்ராவிஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். "உங்களுக்குத் தெரியாதா? முகமூடி வீட்டுல இருந்தா நீங்க தூங்கமாட்டீங்கன்னு, இங்கேயே கழட்டி வச்சுட்டுப் போவாரே!"

மார்லிஸ் தன் வலது கையைப் பார்த்தாள். டுவேன் கையை இறுக்கிப் பிடித்த பிடியில் விரல்கள் இன்னும் வெளுத்திருந்தன.

டுவேன் இரண்டு குவளைகளோடு வந்தான். "இன்னும் கை நடுங்குது மார்லி" என்றான். விளிம்புவரை நிறைந்திருந்த சாறு ஒரு சொட்டுக்கூடச் சிந்தியிருக்கவில்லை.

 மார்லிஸ் எட்டி அவன் கழுத்திலிருந்த பச்சை வளையத்தைக் கழற்றினாள். எல்லோரும் பார்க்கத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"அடியே டார்லா! ஞாயித்துக்கிழமை நீ தட்டைத் தொடாதே. தேய்க்கிறது நான். துடைக்கிறது இந்த முயல்குட்டி!"