சாவி திரும்பவில்லை

காமுவின் பெட்டியைச் சந்தானமே தூக்கிக்கொண்டு வந்து கார் டிக்கியில் வைத்தார்.

மனைவி கோபித்துக்கொண்டு சென்னைக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறாள். 'எப்போ திரும்பி வருவேன்னு தெரியாது' என்றும் சொல்லிவிட்டாள். 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொல்லலாம் இல்லையா? சொல்லவில்லை.

"மழையா இருக்கு. சாந்த்ராகாச்சி ஸ்டேஷன்ல நானே கொண்டு விட்டுடறேன்" என்றார். அவ்வளவுதான்.

எதிர்வீட்டு ஜன்னலில் நின்ற அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டாள். பெண்டாட்டியை அனுப்ப இந்த மனுஷனுக்கு என்ன அவசரம்!

பழைய மாருதி. சந்தானம் சாவியைப் போட்டுத் திருகினார். திரும்பவில்லை.

"என்ன ஆச்சு?"

"பூட்டு மாட்டிண்டிருக்கு."

"நன்னா திருகுங்கோ."

"இதுக்கு மேல திருகினா சாவி ஒடஞ்சுடும்."

சாவியை எடுத்து ஊதினார். கைக்குட்டையால் துடைத்தார். பூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். மறுபடி திருகினார். ம்ஹும்.

இந்தப் பூட்டின் குணம் அவருக்கு அத்துப்படி. சக்கரம் திரும்பின வாக்கில் வண்டியை நிறுத்தினால் ஸ்டியரிங் இறுகி, சாவியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டியரிங்கை இடது பக்கம் லேசாகத் தள்ளிக்கொண்டே திருகினால் 'டக்'கென்று விட்டுவிடும்.

சந்தானம் வலது பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு திருகிக்கொண்டிருந்தார்.

வேறு என்ன செய்வார்? துர்கா பூஜை முடிந்து, கிடர்பூர் ஆபீஸ் நண்பர்கள் பிஜோயா, அதாவது விஜயதசமி வாழ்த்துச் சொல்ல வீட்டுக்கு வந்திருந்தார்கள். காமு தேங்காய் உருண்டை செய்து, தான் கற்றுக்கொண்ட வங்காளத்தில் எல்லோரையும் உபசரித்தாள். பெரிய அதிகாரியிடம் மட்டும், 'நீங்க' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நீ' என்று சொல்லிவிட்டாள். அவர் புன்னகையோடு விட்டுவிட்டார். சந்தானம் விடவில்லை. அவள் குரலிலேயே அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினார். கூடம் முழுக்கச் சிரித்தது.

அன்றிலிருந்து காமு ஒரு வார்த்தை வங்காளம் பேசவில்லை. காய்காரனிடம்கூடக் கத்தரிக்காயைக் கையால்தான் காட்டினாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவருக்கும் தெரியும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வரும். வெளியே வரும்போது 'காபி நன்னா இருக்கு' என்று மாறிவிடும்.

"கேப் புக் பண்ணட்டுமா?" என்று கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று பயந்தார்.

காமு வெளியே பார்த்தாள். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர்.

"இந்த மழைல எவன் வருவான்? நீங்களே பாருங்கோ."

"தாரக்கைக் கூப்பிடறேன்."

மெக்கானிக் தாரக், மழை விட்டதும் வருவதாகச் சொன்னான். காருக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"காமு."

"ம்."

"அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது."

"சிரிச்சேளா? பேசிக் காட்டினேள்."

"ஆமாம். தப்புதான். எல்லாரும் சிரிக்கறாளேங்கற குஷில, உன் மூஞ்சியப் பார்க்கலை. அப்புறமாத்தான் பார்த்தேன். அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லை."

காமு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இந்த ஊர் பாஷையை நான் யாருக்காகக் கத்துண்டேன்? உங்க சிநேகிதாள் வந்தா ஊமை மாதிரி நிக்க வேண்டாமேன்னுதானே?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அப்படிப் பண்ணினேள்?"

"என்னை மன்னிச்சுடு, காமு" என்றார். ஒரு வழியாக வந்துவிட்டது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "ரயில் போயிருக்கும்" என்றாள் காமு, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி.

"போயிருக்கும்."

"பெட்டியை மேல கொண்டு வாங்கோ. நனைஞ்சுடாம வாங்கோ. காபி போடறேன்."

மழை விட்டதும் தாரக் சைக்கிளில் வந்தான். உள்ளே உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இடது பக்கம் லேசாகத் தள்ளிச் சாவியைத் திருகினான். 'டக்.' வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது.

"என்ன தாதா, இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க? இது உங்களுக்குத் தெரியாதா?" என்று வங்காளத்தில் கேட்டான். தாதா என்றால் அண்ணன்; காமு அவனுக்கு பௌதி, அண்ணி.

சந்தானம் மாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும்ப்பா. உங்க பௌதிகிட்ட மட்டும் சொல்லிடாதே. காமு கேட்டா, பூட்டு உள்ளே பெரிய ரிப்பேர்னு சொல்லு."

தாரக் அவரை விநோதமாகப் பார்த்தான்.

"பௌதி அதை எப்படி நம்புவாங்க தாதா? பூஜைக்கு முன்னாடி மார்க்கெட் வாசல்ல இதே மாதிரி மாட்டிக்கிச்சுன்னு வந்தாங்களே! நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒரே தடவையில கத்துக்கிட்டு, அவங்களே சாவியைத் திருகி ஓட்டிக்கிட்டுப் போனாங்க!"